தையல் அறையில் பூனையும் நாயும் இருந்தால் எந்த வேக்குவம் கிளீனர் வாங்குவது? முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுத் தையல் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு பவர் மிஷின், துணி ஓரத்தை வெட்டிப் பிசிறு வராமல் தைக்கும் ஒரு ஓவர்லாக் மிஷின், கட்டிங் டேபிள், மூலையில் அயர்ன் பண்ண ஒரு மேசை, அவ்வளவுதான் அதில் இருக்க வேண்டும். ஆனால் கட்டிங் டேபிளுக்கு அடியில் துண்டுத்துணி மூட்டை மேல் ஒரு பூனை, ஜன்னல் திண்டில் இன்னொரு பூனை, தலை அறைக்குள்ளும் உடம்பு வராந்தாவிலுமாக வாசற்படியில் படுத்திருக்கும் ஒரு நாட்டு நாய் என்று மூன்று பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள். ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். பதினான்கு வருஷமாக இதுதான் வேலை, அதில் பதினொரு வருஷம் சீமாறும் முறமும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சின்னப் பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, இரண்டு தடவை வாந்தி எடுத்தது. மறுநாள் கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாக்குக்கு அடியில் சிவப்பு நூல் ஒரு சுற்று சுற்றி இறுகியிருந்தது, மீதி தொண்டைக்குள் போயிருந்தது. முந்தின வாரம் நான் தைத்த கல்யாணப் பிளவுஸின் நூல். "நல்ல வேளைங்கம்மா, நீங்க இழுத்துப் பார்க்கலை" என்றார். பூனை நாக்கில் இருக்கும் முட்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதனால் வாய்க்குள் போன நூலைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு நுனி நாக்கில் மாட்டிக்கொள்ள, மறு நுனியைக் குடல் உள்ளே இழுக்க இழுக்க, பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிற மாதிரி குடல் சுருங்கிவிடுமாம். அப்புறம் அந்த நூலே குடலை அறுக்கும். ஆபரேஷன் செய்து பிழைத்தது. உங்கள் பூனையின் வாயிலோ ஆசன வாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அன்றைக்கு முடிவு செய்ததுதான் வேக்குவம் கிளீனர். அதற்குப் பிறகு இரண்டு வாங்கினேன், முதலில் வாங்கியது தப்பு, இரண்டாவது சரி. அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். செல்லப்பிராணி வைத்திருப்பவர்கள் கடையில் போய் "முடி எடுக்குமா?" என்றுதான் கேட்கிறார்கள். நம்மைப் போலத் தையல் அறைக்குள் பிராணி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது "நூலைத் தாங்குமா, ஊசியைத் தாங்குமா?" என்பதுதான். நூலைத் தாங்குகிற கிளீனர் முடியையும் எடுத்துவிடும். முடிக்காகவே செய்த கிளீனர் பல சமயம் நூலில் சிக்கிச் செத்துப்போகும்.

முதல் வேலை: உங்கள் குப்பையைப் பிரித்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் இதைச் செய்யுங்கள். சாயங்காலம் அறையைக் கூட்டி, குப்பையைத் தொட்டியில் போடாமல் பழைய செய்தித்தாளில் பரப்புங்கள். என் குப்பையில் பாதிக்கு மேல் ஓவர்லாக் வெட்டித் தள்ளிய ஓரப் பிசிறு, பனியன் துணி தைத்த நாளில் அது இன்னும் அதிகம். அடுத்தது நூல் துண்டுகள், விரல் நீளத்திலிருந்து முழம் வரைக்கும். அப்புறம் நாய் முடி, குட்டையாக, குச்சி மாதிரி, துணியில் குத்திக்கொண்டு நிற்பது. பூனை முடி மெல்லியது, அது பிசிறோடு சேர்ந்து திரண்டு பஞ்சு உருண்டையாகிவிடும். கடைசியாகச் செய்தித்தாளைத் தூக்கிச் சாய்த்தால் கீழே சரிந்து வருவது குண்டூசி, ஒடிந்த மிஷின் ஊசி முனை, பிளவுஸ் ஹூக், ஜமிக்கி, துணியில் கோடு போடும் சாக்பீஸின் தூள்.

உங்களுக்கு எது அதிகமோ அதற்குத் தகுந்த மாதிரி கீழே சொல்வதில் முக்கியம் மாறும். ஆரி வேலை, அதாவது மணி கோர்க்கும் எம்பிராய்டரி செய்பவர்களுக்கு மணியும் ஜமிக்கியும்தான் தலைவலி, நைட்டி, பனியன் தைப்பவர்களுக்குப் பிசிறு. பெர்சியன் மாதிரி நீள முடிப் பூனை இருந்தால் அந்த முடியையும் நூல் கணக்கிலேயே வையுங்கள், ஏனென்றால் அது சுற்றிக்கொள்கிற விதம் நூலைப் போலத்தான்.

அறையைப் பாருங்கள், குறிப்பாகப் பிளக் பாயின்ட்டை

இதை யாரும் சொல்வதில்லை. வாங்கி வந்த பிறகுதான் தெரிகிறது. தையல் அறையில் பெரும்பாலும் சின்ன பிளக் பாயின்ட்தான் இருக்கும், 6 ஆம்பியர், பழைய பேச்சில் 5 ஆம்ப்ஸ். நம் ஊர் 230 வோல்ட்டில் அது தாங்குவது 1380 வாட்ஸ் வரைக்கும்தான். 1600 வாட்ஸ் கிளீனருக்கு ஏறக்குறைய 7 ஆம்பியர் தேவை, அதற்கு ஏ.சி., கீசர் போடுகிற பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். அதே அறையில் அயர்ன் பாக்ஸும் ஓடிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டு ஓட்டிப் பிளக் உருகிப்போன வீடுகள் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு பெரிய பாயின்ட் போடுங்கள், அல்லது 1200 வாட்ஸுக்குள் பாருங்கள், 1200 என்றால் 5 ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும். பெரிய பிளக் சின்ன பாயின்ட்டில் நுழையவில்லை என்று கன்வெர்ட்டர் பிளக் மாட்டி ஓட்டாதீர்கள்.

அடுத்து தரை. டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு என்று வழுவழுப்பான தரைதான் நம் பக்கம் அதிகம். கம்பளம் இல்லாத அறைக்கு, கம்பளத்தில் புதைந்த முடியைத் தோண்டி எடுக்கும் சுழல் பிரஷ் தேவையே இல்லை. இணையத்தில் சிபாரிசு செய்யப்படும் பல மாடல்கள் வீடு முழுக்கக் கம்பளம் விரித்த ஊர்க்காரர்களின் கணக்கில் சிபாரிசு செய்யப்பட்டவை. அதை அப்படியே எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

எந்த வகை?

நான் முதலில் வாங்கியது ஒயர் இல்லாத குச்சி வகை. கையில் பிடித்து அறை முழுக்க நடந்தபடி சுத்தம் செய்யலாம், ஒயர் மிஷின் காலில் மாட்டாது, முதல் வாரம் அவ்வளவு சந்தோஷம். இரண்டாவது வாரம் தலைப்பகுதியிலிருந்து கருகல் வாசனை வந்தது. திருப்பிப் பார்த்தால் சுழலும் பிரஷ் முழுக்க நூல், கண்டுபோலச் சுற்றியிருந்தது. சிவப்பு, பச்சை, அரக்கு என்று அந்த வாரம் தைத்த கலரெல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கத்தரியை நுழைத்து வெட்டி எடுத்தேன். ஆனால் இரண்டு ஓரத்திலும் பேரிங்குக்குள் இழுத்துக்கொண்ட நூலை எடுக்கவே முடியவில்லை. பிரஷ் இறுகி, மோட்டார் திணறி, நான்காவது மாதம் நின்றுவிட்டது. சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு, நூல் சுற்றினால் வாரண்டியில் வராது என்றார். பேட்டரி விஷயமும் சொல்ல வேண்டும். முழு வேகத்தில் வைத்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடும் மாடல்கள் நிறைய, சில வருஷத்தில் பேட்டரியே மாற்ற வேண்டி வரும், அதன் விலையை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோபோ கிளீனர் வரவேற்பறைக்கு நல்லது, தையல் அறைக்குள் விடாதீர்கள். நூல் அதன் சக்கரத்திலும் பக்கவாட்டுச் சின்ன பிரஷிலும் சுற்றும், கீழே தொங்கும் புடவை முந்தானையை இழுத்துக்கொண்டு போகும், மிஷின் பெடல் ஒயரில் மாட்டி நிற்கும். நாய்க்குட்டி இருக்கிற வீட்டில் ஆளில்லாத நேரத்தில் அது அசிங்கம் செய்து வைத்து, ரோபோ அதன் மேல் ஏறி அறை முழுக்கப் பூசிவிட்டால், வெட்டி வைத்த துணியோடு சேர்த்து எல்லாம் போச்சு.

கையடக்க வகை தனியாகப் போதாது. மேசை, மிஷின் தட்டுக்கு உதவும், தரைக்குக் குனிந்தே இடுப்பு போய்விடும்.

மிச்சம் இரண்டு. ஒன்று தரையில் இழுத்துக்கொண்டு போகும் உருளை வகை, யூரேகா ஃபோர்ப்ஸ் 1982-இல் தொடங்கி வீடு வீடாக வந்து விற்ற யூரோகிளீனைப் பார்த்திருப்பீர்கள், அந்த வடிவம். இன்னொன்று டிரம் வகை, ஈரமும் உலர்ந்ததும் எடுப்பது, கார் கழுவுமிடத்தில் இருக்குமே, அதன் வீட்டு அளவு. இந்த இரண்டில் ஒன்றுதான் தையல் அறைக்கு என்பது என் தீர்மானமான கருத்து. காரணம், இரண்டிலும் தரைத்தலையில் சுழலும் பாகம் இல்லாமல் வாங்க முடியும், ஹோஸ் தனியாகக் கழன்று வரும், உள்ளே போனது மோட்டாரைத் தொடுவதற்கு முன் பையிலோ டிரம்மிலோ விழுந்துவிடும்.

இரண்டில் எது? பூனை மட்டும் இருக்கிற வீடு, சின்ன அறை, மாடிப்படி ஏற்றி இறக்க வேண்டும் என்றால் உருளை. நாய் இருந்து, அது மழையில் நனைந்து வந்து உதறும், சில நேரம் மூத்திரம் போகும் என்றால் டிரம். நான் இரண்டாவதாக வாங்கியது டிரம்தான். சத்தம் கொஞ்சம் கூடுதல், இடமும் அடைக்கும், ஆனால் கட்டிங் டேபிளுக்கு அடியில் நிற்கிறது. ஈரம் எடுப்பதற்கு முன்னால் பேப்பர் பையையும், உலர் பில்டர் என்றால் அதையும் கழற்றிவிட வேண்டும், மறந்தால் பை கூழாகிவிடும்.

சுழல் பிரஷ் வேண்டவே வேண்டாமா?

தரைக்கு வேண்டாம். தட்டையான தலை, பக்கத்தில் ரப்பர் பட்டையோ குட்டை மயிர் வரிசையோ இருந்தால் போதும். ரப்பர் பட்டை இருந்தால் இன்னும் நல்லது, நாய் முடியை அது ஓரமாகத் திரட்டிக்கொண்டு வந்து வாயில் தள்ளும். பாலியஸ்டர் நூலும் முடியும் டைல்ஸில் மின்னேற்றத்தால் ஒட்டிக்கொள்ளும், மயிர் பிரஷ் அதைத் தேய்த்துத் தேய்த்து இடம் மாற்றும், ரப்பர் வழித்து எடுக்கும்.

சோபா, பூனை மெத்தை, கட்டிங் டேபிள் மேல் விரித்த கம்பளி, இவற்றுக்கு மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன டர்போ பிரஷ் தனியாக வாங்கிக்கொள்ளலாம். காற்றிலேயே சுழலும், மோட்டார் கிடையாது, நூல் சுற்றினாலும் பக்கவாட்டு மூடியைத் திறந்து எடுத்துவிடலாம். மூடி கையால் திறக்கிறதா, ஸ்க்ரூ போட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். டர்போவுக்குப் பணம் இல்லையென்றால் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து மாட்டி ஒரே திசையில் தடவுங்கள், முடி உருண்டு வரும், அந்த உருண்டையைக் கிளீனர் இழுத்துக்கொள்ளும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்கள்

"அக்கா, இது 1600 வாட்ஸ், எதையும் இழுத்துரும்" என்று கடைப்பையன் சொன்னான். வாட்ஸ் என்பது கிளீனர் தின்கிற கரண்ட்டின் அளவுதான். எவ்வளவு இழுக்கும் என்பது வேறு. ஐரோப்பாவில் 2014 செப்டம்பரில் 1600 வாட்ஸுக்கு மேல் விற்கக் கூடாது என்றும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்ஸுக்கு மேல் கூடாது, சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் சட்டம் போட்டார்கள். அந்த 900 வாட்ஸில் அங்கே கம்பளத்தையே சுத்தம் செய்கிறார்கள் என்றால் நம் டைல்ஸுக்கு என்ன குறை?

பார்க்க வேண்டியது உறிஞ்சும் அழுத்தம், கிலோ பாஸ்கலில் எழுதியிருப்பார்கள். சிலர் பெரிதாகத் தெரியட்டும் என்று பாஸ்கலில் 17000 என்று எழுதுவார்கள், அது 17 கிலோ பாஸ்கல்தான், குழம்ப வேண்டாம். ஒயர் உள்ள கிளீனருக்கு 16, 17-க்கு மேல் இருந்தால் நம் வேலைக்குப் போதும். அதோடு காற்றோட்டத்தையும் கேளுங்கள். அழுத்தம் என்பது ஊசியைத் தரையிலிருந்து கிளப்புகிற பலம், காற்றோட்டம் என்பது கிளம்பிய பிசிறைக் குழாய் வழியே கொண்டுபோய்ச் சேர்க்கிற ஓட்டம். பிசிறு எடை இல்லாதது, பரப்பு அதிகம், அதற்கு ஓட்டம்தான் முக்கியம். டிரம் வகையில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஓட்டம் நன்றாக இருப்பதால் பிசிறை வாரிக்கொண்டு போகும். இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு "ஏர் வாட்ஸ்" என்று சில கம்பெனிகள் போடுகிறார்கள், அது போட்டிருந்தால் அதை வைத்தே ஒப்பிடுங்கள்.

குழாயின் உள்வாய் அளவு பெட்டியில் பெரும்பாலும் இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 32 மில்லிமீட்டரும் 35-ம் சாதாரணம். 35 கிடைத்தால் 35. ஏன் என்றால், குழாய் முழங்கை மாதிரி வளைகிற இடம் ஒன்று கைப்பிடியில் இருக்கிறது. அங்கே ஒரு குண்டூசி குறுக்காக மாட்டிக்கொண்டால், பின்னால் வருகிற நூல் அதில் சுற்றும், நூலில் முடி மாட்டும், முடியில் பிசிறு ஒட்டும், ஒரு வாரத்தில் குருவிக்கூடு கட்டி அடைத்துவிடும். என் டிரம் ஒரு நாள் திடீரென்று இழுக்காமல் போனது. கைப்பிடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது அப்படித்தான் ஒரு கூடு இருந்தது, நடுவில் ஒற்றைக் குண்டூசி உத்தரம் மாதிரி நின்றது. துணி மாட்டும் கம்பி ஹேங்கரை நிமிர்த்தி நுனியை வளைத்து இழுத்து எடுத்தேன். அதனால் கைப்பிடியும் ஹோஸும் எந்தக் கருவியும் இல்லாமல் கழன்று வருகிற மாடலாகப் பாருங்கள்.

பையா, டப்பாவா? பில்டர் எது?

சில கிளீனரில் குப்பை ஒரு பையில் சேரும், சிலதில் பை இல்லாமல் நேராக ஒரு டப்பாவில் சேரும். வீட்டில் யாருக்காவது தும்மல், வீசிங் இருந்தால் பை. பூனையால் வரும் அலர்ஜிக்கு முடி காரணம் இல்லை, அதன் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கும் ஒரு புரதம்தான் காரணம். பூனை உடம்பை நக்க நக்க அது முடியில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாக மிதக்கும். டப்பாவைக் குப்பைத்தொட்டியில் தட்டும்போது கிளம்புகிற புகையில் அதுதான் இருக்கிறது. பையென்றால் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். நம் ஊரில் பை கிடைப்பதுதான் கஷ்டம், எனவே வாங்கும்போதே பத்துப் பை சேர்த்து வாங்குங்கள், அந்த மாடலுக்குப் பை தொடர்ந்து வருமா என்றும் கேளுங்கள். துணிப்பை கொடுத்தால் அதை நாமே தைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், தைக்கவும் முடியும், ஆனால் சாதாரணக் காடாத் துணி நுண்ணிய தூசியை விட்டுவிடும், அது மோட்டாருக்குத்தான் போய்ச் சேரும்.

டப்பா வகையில் ஒரு நன்மை, தொலைந்த பாபின் கேஸ் (மிஷினில் கீழ்நூல் வைக்கும் கூடு) ஸ்க்ரூவையும் கம்மல் திருகாணியையும் உள்ளேயே பார்த்து எடுத்துவிடலாம். ஆனால் மடிப்பு மடிப்பாக இருக்கும் அதன் பில்டரில் பனியன் பிசிறு போர்வை மாதிரி படியும், சாக்பீஸ் தூள் அதன் கண்களை அடைக்கும். தினமும் தட்ட வேண்டி வரும்.

நுண்ணிய தூசியைப் பிடிக்கும் பில்டருக்கு ஹெப்பா என்று பெயர், அப்படி எழுதியிருந்தால் எந்தத் தரம் என்று பாருங்கள். எச்13 என்றால் பில்டரைத் தாண்டிப் போக மிக வாய்ப்புள்ள அளவுத் தூசியிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்கும். அமெரிக்கக் கணக்கில் 0.3 மைக்ரான் தூசியில் 99.97 சதவீதம். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்ற" என்றெல்லாம் எழுதியிருந்தால் அதற்கு எந்த உறுதியும் கிடையாது. பில்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் காற்று அந்த இடுக்கு வழியாகத் தூசியோடு வெளியேறும். கடையில் ஓடவிட்டு மூடியைச் சுற்றி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காற்று அடிக்கக் கூடாது.

கழுவக்கூடிய பில்டர் என்றால் கழுவிய பிறகு ஒரு முழு நாள் நிழலில் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள்கூட ஆகும். ஈரத்தோடு மாட்டினால் நாய் முடியும் ஈரமும் சேர்ந்து அறையே நாறும், தைத்து மாட்டிய துணியில் அந்த வாசனை ஏறிவிடும். இன்னொரு பில்டர் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட வேண்டிய சாமான்கள்

முதலில் காந்தம். கிளீனரை ஓட்டுவதற்கு முன்னால் காந்தத்தைத் தரையில் ஓட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், அதை ஒரு கம்பில் கட்டி, மேலே பாலித்தீன் கவர் மாட்டி ஓட்டினால் குண்டூசியும் ஒடிந்த ஊசியும் ஒட்டிக்கொண்டு வரும், கவரை உள்ளிருந்து வெளியாக உருவினால் ஊசியெல்லாம் கவருக்குள். பித்தளை ஹூக்கும் சில ஸ்டெயின்லெஸ் ஹூக்கும் காந்தத்தில் ஒட்டாது, அவை பைக்குத்தான் போகும், போகட்டும். கிளீனர் தலையின் முன்பக்கம் ஒரு காந்தப் பட்டையும் ஒட்டிவிட்டால் தப்பித்த ஊசி அங்கே நிற்கும். ஊசி உள்ளே போகாமலிருப்பது கிளீனருக்கு நல்லது, தரையில் இல்லாமலிருப்பது நாயின் பாதத்துக்கு நல்லது.

அடுத்து குறுகலான முனை, அதோடு விரல் பருமன் குழாய் உள்ள மைக்ரோ செட் கிடைத்தால் இன்னும் நல்லது. இது தையல் மிஷினுக்கு. சிலர் ப்ளோயர் வைத்து மிஷினுக்குள் ஊதுகிறார்கள். ஊதினால் பிசிறு வெளியே வருவதோடு, பாதி உள்ளே கியரின் எண்ணெயில் போய் ஒட்டிக் களிம்பாகிவிடும். உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். கரண்ட் பிளக்கைக் கழற்றி, ஊசியை எடுத்து, பிளேட்டைக் கழற்றி, பாபின் கேஸை வெளியே வைத்துவிட்டு, முதலில் சின்ன பிரஷால் கிளறி, முனையைப் பக்கத்தில் பிடியுங்கள். துணியை நகர்த்தும் பற்களுக்கு நடுவில் கெட்டிப்பட்டிருக்கும் பிசிறு கம்பளித் துண்டு மாதிரி ஒரே துண்டாக வரும், அதில் பூனை முடியும் கோர்த்திருக்கும். ஸ்க்ரூவை முதலிலேயே கிண்ணத்தில் போட்டு மூடிவிடுங்கள். கடைசியில் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய்.

மணி, ஜமிக்கி கொட்டிவிட்டால் குழாய் வாயில் மெல்லிய நெட் துணியை மாட்டி இரண்டு ரப்பர் பேண்ட் இறுக்கிப் போட்டு ஓட்டுங்கள். மணியெல்லாம் துணியில் ஒட்டிக்கொள்ளும், கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோய் ஸ்விட்சை அணைத்தால் பொலபொலவென்று கொட்டும். ஆரி பிளவுஸ் செய்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே கிளீனர் வாங்கலாம்.

கடையில் சோதிக்கும் விதம்

ஒரு பிளாஸ்டிக் கவரில் உங்கள் குப்பையையே கொண்டுபோங்கள். நான் போனபோது ஒரு கைப்பிடி ஓவர்லாக் பிசிறு, முழ நீள நூல் பத்து, நாயைச் சீவியபோது வந்த முடி, நான்கு ஹூக் கொண்டுபோனேன். கடையில் அவர்கள் கொட்டிக் காட்டுவது அரிசியும் காகிதத் துண்டும், அதை எந்தக் கிளீனரும் எடுக்கும். நம் குப்பையைத் தரையில் தூவி, மேலே கையால் ஒன்றிரண்டு தடவை அமுக்கித் தேய்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். நூல் தலையின் வாயில் பாதி உள்ளே பாதி வெளியே தொங்குகிறதா, முடியைத் தலை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். பிறகு தலையைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள்.

ஒயர் நீளத்தை அளந்துகொள்ளுங்கள், பிளக்கிலிருந்து அறையின் தூர மூலை வரைக்கும் மிஷினைச் சுற்றிப் போகும் தூரம், நேர்கோடு அல்ல. குழாய் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் முதுகு தப்பிக்கும். உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள். விலையைப் பொறுத்தவரை, ஒயர் இல்லாத ஒரு நல்ல குச்சிக் கிளீனரின் விலையில் ஒரு டிரம் கிளீனரும், சின்ன டர்போ பிரஷும், ஒரு வருஷத்துப் பைகளும் வாங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் உடனே ஓட்டாதீர்கள்

நாய்க்கு 45 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும், பூனைக்கு 60 ஆயிரத்துக்கு மேலும் கேட்கும், நமக்கு 20 ஆயிரத்தோடு சரி. மோட்டாரின் கீச்சு நமக்குத் தெரியாத உயரத்திலும் அவற்றுக்குக் கேட்கும். முதல் நான்கு நாள் கிளீனரை அறையில் சும்மா வையுங்கள், மோந்து பார்க்கட்டும், பக்கத்தில் கொஞ்சம் சாப்பாடு வையுங்கள். அப்புறம் பக்கத்து அறையில் ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். எங்கள் நாய் பத்து நாளில் பழகிக்கொண்டது, இப்போது குழாயை எடுத்தால் எழுந்து வராந்தாவுக்கு நகர்ந்துவிடும். பெரிய பூனை இன்றைக்கும் அலமாரி மேல் ஏறிக்கொள்கிறது, ஏறட்டும், போகிற வழியை மட்டும் அடைக்காதீர்கள். அவற்றைப் பிடித்துவைத்து மேலே ஓட்டி முடியெடுக்கவே கூடாது.

எப்போது ஓட்டுவது என்றால், தையல் முடிந்து மிஷின் விளக்கை அணைத்த உடனே. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ராத்திரி அறையில் இருப்பது பூனையும் நூலும் மட்டும்தான். என் பூனை விழுங்கியதும் ராத்திரியில்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் போதும், தரை, மிஷின் அடி, கட்டிங் டேபிள் காலடி. நூற்கண்டையும் பாபினையும் மூடி போட்ட டப்பாவில் வைத்துவிட வேண்டும், அந்த வேலையை எந்தக் கிளீனரும் செய்யாது. கொசுவத்திச் சாம்பலைச் சூட்டோடு இழுக்காதீர்கள், பைக்குள் இருப்பதெல்லாம் பஞ்சு.

பிராணிகளுக்குத் தெள்ளுப்பூச்சி இருந்த காலத்தில் தினமும் அவை படுக்கிற இடத்தையும் டைல்ஸ் இடுக்கையும் ஓட்டினேன், ஏனென்றால் அதன் முட்டை பிராணியின் மேல் தங்காமல் உதிர்ந்து தரையில்தான் கிடக்கும். அந்த மாதிரி நாளில் பையை உள்ளே விட்டுவைக்காமல் அன்றைக்கே வெளியே எடுத்துக் கட்டி எறிந்துவிட வேண்டும்.

பை முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள், முழுக்க நிறையும் வரை விட்டால் இழுப்பு குறைந்துவிடும். மாற்றும்போது பையை வெளியிலிருந்து அமுக்காதீர்கள், பிரித்துக் கையை விடவும் வேண்டாம், காந்தத்துக்குத் தப்பிய ஊசி ஒன்றிரண்டு கட்டாயம் உள்ளே இருக்கும். வாய் அட்டையைப் பிடித்துத் தூக்கி, கெட்டியான கவரில் போட்டு, வாயை டேப் ஒட்டி, குப்பை எடுக்க வருகிற அக்காவிடம் "உள்ள ஊசி இருக்குக்கா, கையை விட்றாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.